ஹாஸ்யத்துக்கு ஒரு வாத்தியார்

ஆறு வயதுக் குழந்தை ஒன்று ஓடி வந்து, "ஒரு தமாஷ் சொல்லட்டுமா?" என்று கேட்டால், கேட்கப்போகிற பெரியவர்களுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கதை ஆரம்பிக்கும்போதே குழந்தை சிரிக்க ஆரம்பித்துவிடும். பாதியிலேயே முடிவைச் சொல்லிவிடும். பிறகு, "இல்லை, இல்லை, அதற்கு முன்னாலே..." என்று திரும்பி வந்து, யானை வரவேண்டிய இடத்தில் பூனையைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, எல்லோருடைய முகத்தையும் ஒரு சுற்றுப் பார்க்கும். நாமும் சிரிப்போம். தமாஷுக்காக அல்ல, குழந்தைக்காகத்தான். குழந்தையோ அதைத் தமாஷுக்குக் கிடைத்த வெற்றி என்று எண்ணிக்கொண்டு, அதே கதையை முதலிலிருந்து மறுபடியும் தொடங்கிவிடும்.

குழந்தைக்குப் பாட்டுச் சொல்லித்தர வாத்தியார் வைக்கிறோம். கணக்குக்கு வைக்கிறோம். பரதநாட்டியத்துக்கு வைக்கிறோம். நாலு பேர் நடுவில் ஒரு வேடிக்கையை ரஸமாகச் சொல்லுவதற்கு மட்டும் யாரும் வாத்தியார் வைப்பதில்லை. அது பிறவியிலேயே வரவேண்டும், வராவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடுகிறோம். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இது நெடுநாளாக ஓர் ஆச்சரியம். உலகத்தில் யாராவது, எந்தக் காலத்திலாவது, இதற்கும் பாடம் உண்டு என்று சொல்லியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன். ஒருவர் அகப்பட்டார். அவர் சொல்லி ஏறக்குறைய 1,900 வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பாடத்தை அவர் எழுதிய சமயத்தில், அதைச் சொல்லிக் கொடுப்பதற்கு அவர் வீட்டில் ஒரு குழந்தைகூட மிச்சமில்லை.

அவர் பெயர் குயின்டிலியன். ஸ்பெயின் தேசத்தில் இப்போது கலஹோரா என்று வழங்கும் ஊரில், கி.பி. 35-ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தவர். 68-ல் கால்பா என்ற தளபதி சக்கரவர்த்தியாகப் புறப்பட்டபோது, அவருடன் ரோமாபுரி வந்து சேர்ந்தார். கொஞ்ச காலம் வக்கீலாக வாதாடினார். பிறகு பேச்சுக் கலை கற்பிக்கும் பள்ளிக்கூடம் நடத்தினார். அந்த நாளில் ரோமாபுரியில் ஒரு பையன் முன்னுக்கு வரவேண்டுமானால் நியாயஸ்தலத்தில் பேசத் தெரிந்திருக்க வேண்டும். ஆகையால் பேச்சு வாத்தியாருக்கு மதிப்பு இருந்தது. வெஸ்பேஷியன் சக்கரவர்த்தி இந்த வாத்தியார்களுக்கு அரசாங்கப் பணத்திலிருந்து ஆண்டுக்கு 1,00,000 செஸ்டர்ஸ் சம்பளம் ஏற்படுத்தினார். அதை முதன்முதலில் பெற்றவர் குயின்டிலியன் என்று சொல்லுகிறார்கள். அப்போது படையில் ஒரு சாதாரணச் சிப்பாய்க்கு வருஷத்துக்கு 900 செஸ்டர்ஸ்தான் என்றால், இந்தத் தொகை எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இருபது வருஷம் கற்பித்த பிறகு அவர் பள்ளிக்கூடத்தை விட்டு விலகினார். நண்பர்கள் சும்மா இருக்கவிடவில்லை. தெரிந்ததை எல்லாம் எழுதி வைக்கவேண்டும் என்று வற்புறுத்தினார்கள். கொஞ்சம் கூடுதலாக இரண்டு வருஷத்தில் பன்னிரண்டு பாகம் கொண்ட ஒரு பெரிய நூலை எழுதி முடித்தார். ஒரு நல்ல பேச்சாளனை உருவாக்குவது எப்படி என்பது அதன் விஷயம். வேறு யாராக இருந்தாலும் வாலிபப் பிராயத்திலிருந்து ஆரம்பித்திருப்பார்கள். இவரோ தொட்டிலிலிருந்து ஆரம்பித்தார். குழந்தையைத் தூக்கி வளர்க்கும் செவிலி நல்ல வார்த்தை பேசுகிறவளாக இருக்கவேண்டும், ஏனென்றால் குழந்தை முதலில் கேட்பது அவள் குரலைத்தான் என்று எழுதுகிறார். தந்தத்தில் செய்த எழுத்துக்களைக் குழந்தையின் கையில் விளையாடக் கொடுக்கச் சொல்லுகிறார். படிப்பின்மேல் ஆசை வருவதற்கு முன்னால் வெறுப்பு வந்துவிடக் கூடாது என்று அவருக்குக் கவலை. பிரம்படி கூடவே கூடாது என்கிறார். பிரம்பில்லாமல் பள்ளிக்கூடமே இல்லை என்று ஊரெல்லாம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில் இதைச் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இப்படிக் குழந்தைகளை அருகில் இருந்து பார்த்தவருடைய கண்ணுக்கு, அவர்கள் மற்றவர்களைச் சிரிக்க வைக்க முயலுவதும் தப்பவில்லை. இரண்டு இடங்களில் அதைப் பற்றிக் கண்டிப்பாகவே பேசுகிறார்.

முதலாவது, பெற்றோர்களைப் பற்றியது. குழந்தை எதையாவது ஆபாசமாகச் சொல்லிவிட்டால் நாம் சந்தோஷப்படுகிறோம், சிரித்து முத்தம் கொடுக்கிறோம் என்கிறார். அந்த வார்த்தையை அதற்குக் கற்றுக் கொடுத்தவர்கள் யார்? நாமேதான். நம் விருந்துகளிலும் பேச்சுக்களிலும் கேட்டதைத்தானே அது திருப்பிச் சொல்லுகிறது? பணக்கார ரோமானிய வீடுகளை நினைத்து எழுதியதுதான். ஆனாலும் படிக்கும்போது எனக்குத் தெரிந்த பல வீட்டுக் கூடங்கள் கண் முன்னால் வந்து நின்றன. அர்த்தம் தெரியாமல் ஒரு சிறு பையன் பெரிய வார்த்தை ஒன்றைச் சொல்ல, கூடத்தில் இருக்கிற மாமாக்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். பையன் அன்றைக்கு ஒரு பாடம் கற்றுக்கொண்டு விடுகிறான். எதைச் சொன்னால் சிரிப்பு வரும் என்று தெரிந்துவிட்டது. எதைச் சொல்லக் கூடாது என்பதுதான் தெரியவில்லை.

இரண்டாவது, பிறரைப் போல நடித்துக் காட்டும் குழந்தைகளைப் பற்றியது. பார்த்ததைப் பார்த்தபடி செய்து காட்டும் திறமை, குழந்தைக்குக் கற்கும் சக்தி இருக்கிறது என்பதற்கு அடையாளம் என்று ஒப்புக்கொள்ளுகிறார். ஆனால் சிரிப்பு மூட்டுவதற்காகவே அப்படிச் செய்கிற பையனிடம் தமக்கு நல்ல நம்பிக்கை பிறப்பதில்லை என்கிறார். நொண்டுகிறவர் நடையையும் திக்குகிறவர் பேச்சையும் செய்து காட்டிக் கைத்தட்டல் வாங்குகிற சிறுவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கெட்டிக்காரப் பிள்ளை என்று மெச்சியும் இருக்கிறோம். இந்த வாத்தியார் மெச்சவில்லை.

இதை மட்டும் படித்துவிட்டு, சரியான சிடுமூஞ்சி போலிருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். விளையாடுகிற பையனைக் கண்டால் தமக்குச் சந்தோஷம் என்றும், எப்போதும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருப்பவன் படிப்பிலும் மந்தமாகத்தான் இருப்பான் என்றும் சொல்லுகிறவர் அவர். சிரிப்பு வேண்டாம் என்பது அவர் கட்சி அல்ல. சிரிப்புக்கும் பயிற்சி வேண்டும் என்பதுதான்.

அந்தப் பயிற்சிக்கு வேண்டிய சாமான்கள் அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்திலேயே இருந்தன. குழந்தை செவிலியிடம் கதை கேட்ட வயசு கடந்ததும், அடுத்தபடியாக ஈசாப்புக் கதைகளைத் தெளிவான வார்த்தைகளில் தானே சொல்லிப் பழக வேண்டும். பிறகு அதையே எழுத வேண்டும். பிறகு வேறு வார்த்தைகளில் சொல்ல வேண்டும். பிறகு சில இடங்களைச் சுருக்கியும் சில இடங்களை அலங்கரித்தும் சொல்ல வேண்டும். ஆனால் கதையின் கருத்து மாறக் கூடாது.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பாடமும் இருந்தது. பெரியவர்கள் ஏதோ ஒரு சந்தர்ப்பத்தில் சட்டென்று சொன்ன சாதுரியமான பதிலையோ, செய்த காரியத்தையோ குழந்தைகள் மனப்பாடம் செய்து சொல்லிப் பழகுவார்கள். குயின்டிலியன் ஓர் உதாரணம் கொடுக்கிறார். கிரேடீஸ் என்ற கிரேக்க ஞானி, படிப்பு வராத ஒரு பையனைப் பார்த்தார். பார்த்தவுடன் பையனை விட்டுவிட்டு, அவனைக் கவனித்துக்கொள்ள நியமிக்கப்பட்டிருந்த ஆளைப் பிடித்து ஓர் அடி வைத்தார். அவ்வளவுதான் கதை. இரண்டே வரி. இதைத்தான் குழந்தைகள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பழகினார்கள். அலெக்ஸாண்ட்ரியாவில் முதல் நூற்றாண்டில் வாழ்ந்த தியோன் என்ற ஆசிரியர், இம்மாதிரித் துணுக்கை முதலில் உள்ளபடி சொல்ல வைத்து, அப்புறம் பெரிதாக விரித்துச் சொல்ல வைத்து, அப்புறம் விரித்ததைச் சுருக்க வைக்கும் முறையை எழுதி வைத்திருக்கிறார்.

எகிப்து தேசத்து மணலில், நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் கிடைத்திருக்கிறது. பாப்பிரஸ் ஏட்டில் எழுதியது. முதலில் தனித் தனி வார்த்தைகள். அப்புறம் டயாஜனீஸ் என்ற ஞானியைப் பற்றிய ஐந்து துணுக்குகள். இவர் பீப்பாய் போன்ற ஜாடியில் குடியிருந்தார் என்று கதை சொல்லுவார்களே, அவரேதான். அவர் சாப்பாட்டு மேஜையில் ஓர் ஈ வந்து உட்கார்ந்ததாம். டயாஜனீஸின் வீட்டிலும் ஓசிச் சாப்பாட்டுக்காரன் வந்துவிட்டான் என்று அவர் சொன்னாராம். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகும் ஒரு குழந்தைக்குக் கொடுத்த முதல் வாசகங்களில் இது ஒன்று! அந்தக் காலத்து உபாத்தியாயர்களின் புத்தியை நான் மெச்சுகிறேன். நீளமாக விரித்துப் பார்த்தால்தான் எது வேண்டாதது என்று தெரியும். சுருக்கிப் பார்த்தால்தான் எது இல்லாவிட்டால் கதை விழுந்துவிடும் என்று தெரியும். எழுத்தாளர்கள் நாற்பது வயதில் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொள்ளும் இந்த வித்தையை, அந்தப் பிள்ளைகள் பல் விழுந்து முளைக்கிற வயசில் ஓர் ஈயை வைத்துக்கொண்டு கற்றுக்கொண்டார்கள்.

இனி ஆறாம் பாகத்துக்கு வருவோம். சிரிப்பைப் பற்றிய அத்தியாயம் அதில்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பாகத்தைத் திறந்ததும் சிரிப்பு இல்லை. அழுகைதான் இருக்கிறது.

குயின்டிலியனின் மனைவி வயதில் மிகச் சிறியவள். பத்தொன்பது வயசு நிறைவதற்கு முன், இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு இறந்து போனாள். சில மாதத்துக்கெல்லாம், ஐந்து வயசு தாண்டிய இளைய பிள்ளை போய்விட்டான். செவிலியை விட, வளர்த்த பாட்டியை விட, அப்பாவிடமே ஒட்டிக்கொண்டிருந்த குழந்தை. மிச்சம் இருந்தவன் மூத்தவன் ஒருவன்தான். தகப்பனார் பெயரையே அவனுக்கும் வைத்திருந்தார்கள். அவன் குரல் இனிமையானது, கணீரென்றிருக்கும். லத்தீன், கிரீக் இரண்டிலும், எந்தப் பாஷை பேசினாலும் அதற்கென்றே பிறந்தவன் போல எழுத்து எழுத்தாகச் சுத்தமாக உச்சரிப்பான். இந்தப் பெரிய நூலையே அவனுக்கு வைத்துவிட்டுப் போகிற சொத்தாகத்தான் தகப்பனார் நினைத்திருந்தார். பத்தாவது வயசில் அடி வைத்திருந்த அந்தப் பையன் எட்டு மாதம் நோயில் கிடந்தான். கடைசி நாட்களில் அவன்தான் தகப்பனாருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தான். ஜன்னி கண்டு நினைவு தப்பியபோதும், அவன் பிதற்றியதெல்லாம் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் பாடத்தைப் பற்றியும்தான். நூல் பாதியில் இருக்கும்போதே அவனும் போய்விட்டான்.

தாம் சேர்த்த ஆஸ்தி இனி யாரோ அன்னியருக்குப் போகப் போவது போல, இந்தப் புத்தகமும் பிறத்தியார் குழந்தைகளுக்குத்தான் என்று முன்னுரையில் எழுதுகிறார் அந்தத் தகப்பனார். எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைக்கவில்லை. பாடத்தைத் தொடங்கிவிடுகிறார். அந்தப் பாகத்தில் முதலாவது பாடமே, நீதிபதிகளின் இரக்கத்தை எப்படிச் சம்பாதிப்பது என்பது. கண்ணீர் வரவழைப்பதற்காக வக்கீல்கள் கட்சிக்காரரின் குழந்தைகளைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்துவது அப்போது வழக்கம். அது எப்படி விபரீதமாகப் போகும் என்பதற்கு ஒரு கதை சொல்லுகிறார். ஒரு வக்கீல் இப்படி ஒரு பையனைக் கொண்டுவந்து நிறுத்தினார். பையன் தேம்பித் தேம்பி அழுதான். எதற்கு அழுகிறாய் என்று கேட்டார்கள். பக்கத்தில் நிற்கிற ஆள் தன்னைக் கிள்ளுகிறார் என்று பையன் உண்மையைச் சொல்லிவிட்டான்! இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவர், அந்தச் சோகத்தை எழுதிய கையோடு இந்தக் கதையையும் எழுதியிருக்கிறார். இதை முதல் முறை படித்தபோது, புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இரக்கத்துக்கு அடுத்தாற்போல் வருவது சிரிப்பு. இந்தக் காலத்துப் பதிப்புக்களில் அந்த அத்தியாயத்தை 112 சிறு பத்திகளாகப் பிரித்து எண் போட்டிருக்கிறார்கள். மனிதன் எதனால் சிரிக்கிறான் என்பதை இதுவரை யாரும் சரியாக விளக்கவில்லை என்று தொடங்குகிறார். பேச்சுக்குச் சிரிக்கிறோம், செய்கைக்குச் சிரிக்கிறோம், உடம்பைத் தொட்டாலும் சிரிக்கிறோம். காரணம் பிடிபடாவிட்டாலும் அதன் சக்தி பெரிது. கோபத்தையும் பகையையும் அது ஒரு நொடியில் கரைத்துவிடும். கி.மு. 280-ல் பிர்ரஸ் மன்னர் டரென்டம் நகரத்துக்குப் படையோடு உதவிக்கு வந்திருந்தார். அந்த ஊர் வாலிபர்கள் சிலர் ஒருநாள் விருந்தில் அவரைக் கண்டபடி ஏசிவிட்டார்கள். மறுநாள் அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தப்பட்டார்கள். மறுக்கவும் வழியில்லை, நியாயம் சொல்லவும் வழியில்லை. அவர்களில் ஒருவன், ஜாடியில் திராட்சைச் சாராயம் மட்டும் தீர்ந்து போகாமல் இருந்திருந்தால் தங்களைக் கொலையே செய்திருப்போம் என்றானாம். ராஜா சிரித்துவிட்டார். குற்றச்சாட்டும் சிரிப்போடு போய்விட்டது.

இவ்வளவு சக்தி உள்ள விஷயத்துக்குப் பள்ளிக்கூடத்தில் பயிற்சியும் இல்லை, கற்பிக்கிற ஆசிரியரும் இல்லையே என்பது குயின்டிலியனின் குறை. பாதி அவரவர் சுபாவத்தைப் பொறுத்தது, பாதி சந்தர்ப்பத்தைப் பொறுத்தது என்பதை ஒப்புக்கொள்ளுகிறார். ஆனாலும் விருந்திலும் வீட்டுப் பேச்சிலும் வேடிக்கையாகப் பேசுகிறவர்கள் நிறைய இருக்கிறார்களே, அது தினசரிப் பழக்கத்தினால் வந்ததுதானே என்று கேட்கிறார். பிள்ளைகளுக்கு ஹாஸ்யமாக வாதாடுவதற்கென்றே கற்பனை வழக்குகள் கொடுக்கலாம் என்கிறார். பண்டிகை நாட்களில் அவர்கள் கட்டவிழ்த்துவிட்டாற் போல ஒருவரை ஒருவர் கேலி செய்கிறார்களே, அந்த விளையாட்டிலேயே கொஞ்சம் முறையைப் புகுத்தினால் போதும், அதுவே நல்ல பாடமாகிவிடும் என்கிறார். ரோமாபுரியில் டிசம்பர் மாதத்தில் சாட்டர்னேலியா என்று ஒரு பண்டிகை வரும். அப்போது அடிமைகூட எஜமானிடம் துணிந்து பேசலாம். அந்தக் கும்மாளத்தைப் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள் இருந்திருப்பார்கள். அதில் ஒரு பாடத் திட்டத்தைக் கண்டவர் இவர்தான்.

பாடம் என்ன? அவர் சொல்லுவதில் குழந்தைகளுக்குப் பொருந்துகிறவற்றை நான் இரண்டு கூறாகப் பிரித்துக்கொள்ளுகிறேன்.

முதல் கூறு, சொல்லுகிற முறை. சொல்லுகிறவன் தான் சிரிக்கக் கூடாது. முகம் கம்பீரமாக இருக்கும்போதுதான் வார்த்தைக்கு ருசி. முகத்தைக் கோணிக் கையை ஆட்டிச் சிரிப்பு மூட்டுவது கூத்தாடியின் வேலை. சுருக்கமாகச் சொல்ல வேண்டும். குறைந்த வார்த்தைக்குக் கூர்மையும் வேகமும் அதிகம். வீட்டிலிருந்தே தயார் செய்து எடுத்து வந்தது போலத் தெரியக் கூடாது. வலியப் போய்த் தாக்குவதைக் காட்டிலும், கேட்டதற்குத் திருப்பிக் கொடுக்கும் பதிலே அழகு. இதற்கெல்லாம் உதாரணமாகக் கதை கதையாக எழுதிக்கொண்டு போகிறார். அகஸ்டஸ் சக்கரவர்த்தியிடம் ஒருவன் மனுக் கொடுக்க வந்தான். நீட்டுவதும் இழுத்துக்கொள்ளுவதுமாக நடுங்கினான். யானையிடம் காசு கொடுக்கிறவனைப் போல அல்லவா கொடுக்கிறாய் என்றாராம் சக்கரவர்த்தி. கோயில் யானையின் துதிக்கையில் காசு வைக்கப்போன குழந்தையைப் பார்த்தவர்களுக்கு இதற்கு உரை வேண்டியதில்லை. இன்னொன்று: ஒரு சீமாட்டி தனக்கு முப்பது வயது என்றாள். பக்கத்தில் இருந்த சிஸரோ, அது நிஜந்தான், இருபது வருஷமாக அவள் அப்படித்தான் சொல்லக் கேட்டுவருகிறேன் என்றாராம். இந்தக் கதைகளில் ஒரு வார்த்தையைக் கூட்டிப் பாருங்கள், கெட்டுவிடும்.

இரண்டாவது கூறு, சொல்லுகிறவனுடைய மனசு. பாதிக்கு மேல் இதற்குத்தான் அவர் கவலைப்படுகிறார். யார் சொல்லுகிறார், யார் எதிரில், யாரைப் பற்றி, எந்தச் சமயத்தில் என்று நாலும் பார்க்க வேண்டும். துன்பத்தில் இருக்கிறவனைக் கேலி செய்வது மனுஷத்தன்மை அல்ல. ஒரு ஜாதியாரையோ, ஒரு தேசத்தாரையோ, ஒரு தொழில் செய்கிறவர்களையோ மொத்தமாக வைத்துப் பரிகசிப்பது தவறு. ஆபாசம் வார்த்தையிலும் கூடாது, ஜாடையிலும் கூடாது. சிநேகிதனை இழந்தாலும் இழக்கலாம், ஹாஸ்யத்தை இழக்கக் கூடாது என்று ஒரு வசனம் அப்போது வழங்கியது. அந்தக் கொள்கை நமக்கு வேண்டவே வேண்டாம் என்கிறார். நல்ல குணத்தை விலையாகக் கொடுத்து வாங்குகிற சிரிப்பு, கிராக்கிச் சிரிப்பு என்பது அவர் கணக்கு.

மகா பண்டிதர்களையும் அவர் இந்தத் தராசில் வைத்துப் பார்க்கிறார். டெமாஸ்தனீஸுக்கு ஹாஸ்யம் வராது, சிஸரோவுக்கு ஹாஸ்யத்தில் அளவு தெரியாது என்பது அந்தக் காலத்தில் பலருடைய அபிப்பிராயம். கி.மு. 63-ல் சிஸரோ ரோமாபுரியின் கான்ஸலாக, அதாவது ராஜ்யத்தின் தலைமைப் பதவியில் இருந்துகொண்டே, ஒரு வழக்கில் எதிர்க்கட்சியைச் சேர்ந்த கேடோவின் தத்துவங்களைப் பரிகசித்துக் கோர்ட்டையே சிரிக்க வைத்தார். நமக்கு எப்பேர்ப்பட்ட வேடிக்கையான கான்ஸல் கிடைத்திருக்கிறார் என்று கேடோ புன்னகையோடு சொன்னதாகப் புளூடார்க் எழுதியிருக்கிறார். சிஸரோவின் துணுக்குகளை மூன்று புத்தகங்களாகத் தொகுத்து வெளியிட்டிருந்தார்கள். சேர்ப்பதில் காட்டிய ஆர்வத்தைப் பொறுக்குவதில் காட்டியிருக்கலாமே என்கிறார், சிஸரோவைக் குருவாகப் போற்றிய குயின்டிலியன். ஹாஸ்யம் சொல்லுகிறவனுக்கு எதை விட வேண்டும் என்பதுதான் கடைசிப் பாடம்.

இவையெல்லாம் நல்ல பிள்ளைக்குச் சொல்லுகிற நீதிமொழிகள்தானே என்று தோன்றலாம். அவர் எந்தக் காலத்தில், எந்த வீட்டில் இருந்துகொண்டு எழுதினார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

அப்போது ஆண்ட சக்கரவர்த்தி டொமிஷியன். 81-லிருந்து 96 வரையில் அவர் ஆட்சி. அவர் மகாப் பிரபுவாகிய லாமியா என்பவரின் மனைவியை அபகரித்துத் தாம் மணந்துகொண்டவர். அது நடந்த பிறகு, டொமிஷியனின் அண்ணன் டைட்டஸ், லாமியாவிடம் இரண்டாம் கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னாராம். ஏன், தாங்களும் பெண் தேடிக்கொண்டிருக்கிறீர்களோ என்று கேட்டாராம் லாமியா. அந்த மாதிரிப் பழைய, ஒருவருக்கும் தீங்கில்லாத ஹாஸ்யங்களுக்காக டொமிஷியன் பிற்பாடு லாமியாவைக் கொன்றுவிட்டார் என்று ஸ்வெடோனியஸ் என்ற சரித்திரக்காரர் எழுதியிருக்கிறார். இன்னொருவர் பந்தய மைதானத்தில் உட்கார்ந்துகொண்டு, விளையாட்டை நடத்துகிறவரே ஒரு கட்சிக்குச் சாய்கிறார் என்ற பொருள்பட வாயை விட்டுவிட்டார். அவரை ஆசனத்திலிருந்து இழுத்து வந்து வேட்டை நாய்களுக்குப் போட்டார்கள்.

குயின்டிலியன் தம் நூலை எழுதிக்கொண்டிருக்கையிலேயே இந்த டொமிஷியன் அவரை அழைத்து, தமது சகோதரியின் பேரப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஆசிரியராக நியமித்தார். தமக்குப் பின் பட்டத்துக்கு வரவேண்டியவர்கள் என்று டொமிஷியன் குறித்து வைத்திருந்த சிறுவர்கள் அவர்கள். வேறு வழியில்லாத எல்லோரையும் போலக் குயின்டிலியனும் தம் புத்தகத்தில் சக்கரவர்த்தியைப் புகழ்ந்துதான் எழுதியிருக்கிறார். யார் எதிரில் பேசுகிறோம் என்று பார், யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார் என்ற விதியை, அந்த அரண்மனைக்குப் பாடம் சொல்லப் போய் வந்துகொண்டிருந்த ஒருவர் எழுதினார் என்றால், அது மரியாதை மட்டும் அல்ல. உயிர் பிழைக்கிற வித்தையும்தான். ஆனாலும் ஒன்றைக் கவனித்தேன். அவர் பலசாலியைப் பற்றி எச்சரிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே, பலமில்லாதவனையும் வைத்திருக்கிறார். பெரியவனைக் கேலி செய்தால் தலை போகும் என்பதை டொமிஷியன் காலத்தில் ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கஷ்டப்படுகிறவனைக் கேலி செய்தால் ஒன்றும் போகாது. அப்படியும் செய்யாதே என்று சொல்லத்தான் வாத்தியார் வேண்டியிருக்கிறது.

அந்தச் சிறுவர்களின் தகப்பனாரை டொமிஷியன் 95-ல் கொன்றார். 96-ஆம் வருஷம் செப்டம்பரில் டொமிஷியனும் தம் அரண்மனையிலேயே குத்திக் கொல்லப்பட்டார். அப்புறம் அந்தப் பிள்ளைகளைப் பற்றிச் சரித்திரத்தில் பேச்சே இல்லை. ஆக, இந்தப் பாடத்துக்குச் சொந்தக் குழந்தைகளும் மிஞ்சவில்லை, சிம்மாசனத்துக்குப் போகிற மாணவர்களும் மிஞ்சவில்லை. புத்தகம் மட்டும் மிஞ்சியது. அதுவும் முழுசாக அல்ல. மத்திய காலத்து ஐரோப்பாவில் பெரும்பாலான இடங்களில் வழங்கிய பிரதிகள் குறையுள்ளவை.

1416-ல் ஒரு வேடிக்கை நடந்தது. கான்ஸ்டன்ஸ் நகரத்தில் பெரிய மதசபை கூடியிருந்தது. போப்பாண்டவரின் காரியாலயத்து எழுத்தரான போஜியோ என்ற இத்தாலியர், ஓய்வு கிடைத்தபோது பக்கத்தில் இருந்த ஸெயின்ட் கால் மடத்துக்குப் பழைய ஏடு தேடிப் போனார். ஒரு கோபுரத்தின் அடியில், சிறைபோன்ற இருட்டறையில், தூசியும் பூஞ்சணமும் படிந்து கிடந்த புத்தகங்களுக்கு நடுவில் குயின்டிலியனின் நூல் முழுசாக அகப்பட்டது. போஜியோ தம் கையாலேயே அதைப் பிரதி எடுத்தார். பின்னால் வயசான காலத்தில் அவர் தாமே ஒரு ஹாஸ்யத் துணுக்குப் புத்தகம் எழுதினார். மொத்தம் 273 துணுக்குகள். போப்பாண்டவரின் எழுத்தர்கள் வேலை முடிந்ததும் ஓர் அறையில் கூடி வம்பளந்தபோது சேர்ந்த சரக்கு. 1470 வாக்கில் அச்சேறிய அந்தப் புத்தகம் ஐரோப்பாவில் அச்சான ஹாஸ்யத் தொகுப்புக்களில் மிகப் பழமையானது. குயின்டிலியன் எதையெல்லாம் கூடாது என்றாரோ, அதில் பெரும்பாலானவை அதில் இருக்கின்றன! ஆபாசத்துக்குக் குறைவில்லை, ஊர் பெயர் சொல்லிப் பரிகசிப்பதற்கும் குறைவில்லை. பாடப் புத்தகத்தை இருட்டிலிருந்து மீட்டவரே அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை என்றால், பாடத்தின் மேல் தப்பில்லை. அதைப் பத்து வயதுக்குள் படித்திருக்க வேண்டும்.

பத்து வயதுக்குள் என்று நான் சொல்லுவது விளையாட்டுக்கு அல்ல. கதையை விரித்துச் சொல்லு, இப்போது சுருக்கிச் சொல்லு என்றால் குழந்தை அலுக்காமல் செய்யும். முகத்தை அசைக்காமல் சொல்லிக் காட்டு பார்க்கலாம் என்று பந்தயம் போட்டால், இரண்டு மூன்று தடவை தோற்றுவிட்டு நாலாவது தடவை ஜயித்துவிடும். இதெல்லாம் எந்த வீட்டுத் திண்ணையிலும் கால் மணி நேரத்தில் நடக்கக்கூடியது. அடுத்த பாடத்துக்குத்தான் காலம் பிடிக்கும். சமையற்காரியின் கோணல் நடையைக் குழந்தை நடித்துக் காட்டும்போது, கூடத்தில் இருக்கிற எல்லோரும் சிரிக்காமல் இருக்க வேண்டும். பிள்ளைக்கு அது பாடமோ இல்லையோ, பெரியவர்களுக்குக் கடுமையான பரீட்சை. அந்தப் பரீட்சையில் நாம் தேறினால், குழந்தை சற்று நேரம் விழித்துவிட்டு, வேறு தமாஷ் தேடிக்கொண்டு போகும். அந்த ஈ வந்து உட்கார்ந்த கதையை அப்போது அதற்குச் சொல்லிக் கொடுக்கலாம்.